எடுக்காத கொழுந்து

கடைசி ஆளாக ஆற்றைக் கடந்து கரையேறிய நாகலெட்சுமி, முனிக்கல்லின் அடியில் குனிந்து பார்த்தாள். இரண்டு தேயிலைக் கொழுந்து கிடந்தது. அவளுடைய ஒன்றுதான் கிடந்திருக்க வேண்டும்.

“ஏ, யாரு எடுக்காம போறது?” என்று மேட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“நான் எடுத்துட்டேன்.”

“நானும்தான்.”

“என்னுத எடுத்து ஆத்துல போட்டத நீயே பாத்தியே நாகு. வெள்ளெழுத்து கண்ணுக்கு மட்டுமா, மூளைக்குமா?” என்றாள் பேச்சியம்மா. இரண்டு பேரும் ஒரே லயத்து வரிசை வீடு, ஒரே வயசு.

நாகலெட்சுமி சிரிக்கவில்லை. அந்த இரண்டாவது கொழுந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளக்கல் தோட்டத்தின் ஒன்பதாம் நம்பர் தேயிலை மலை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. பாலத்தைச் சுற்றிப் போனால் ஒரு மணி நேர நடை. ஆற்றில் இறங்கிக் கல்லுக்குக் கல் கால் வைத்தால் பத்து நிமிஷம். அதனால் ஒன்பதாம் நம்பரில் கொழுந்து எடுக்கிற நாளெல்லாம் பெண்கள் ஆற்றைத்தான் கடப்பார்கள். கடப்பதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் ஒரு கொழுந்தைக் கிள்ளி, இக்கரையில் இருக்கிற முனிக்கல்லின் அடியில் செருகிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் தன்னுடையதை எடுத்து ஆற்றில் போட வேண்டும். எப்போதோ ஒரு மழைநாளில், மூடுபனிக்குள் ஒருத்தி அக்கரையிலேயே விடுபட்டுப்போய், மூன்றாம் நாள் கீழே நோர்வூட் ஊர்ப் பக்கம் பிணமாகக் கிடைத்தாளாம். அன்றிலிருந்து வந்த பழக்கம். முனிக்குப் படையல் என்று சிலர் சொல்வார்கள். கணக்கு என்று சிலர் சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும், கல்லின் அடியில் கொழுந்து கிடந்தால் ஆள் அக்கரையில் என்று அர்த்தம்.

“அது உன் தம்பி பொண்டாட்டியோடதா இருக்கும்,” என்றாள் பேச்சியம்மா. “அவதான் ரெண்டு மணிக்கே புள்ளைக்குப் பால் குடுக்கப் போயிட்டாளே. போற அவசரத்துல எடுத்திருக்க மாட்டா.”

அது வினோதாவுடையதுதான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் வைத்ததெல்லாம் இரண்டு இலையும் ஒரு குருத்துமான நல்ல கொழுந்து. இது முற்றிப்போன ஒற்றை இலை.

காலையில் அதற்குத்தான் சண்டை.

“முனிக்கு முத்தல வைக்கிறியே, இது நல்லாவா இருக்கு?” என்று நாகலெட்சுமி கேட்டிருந்தாள்.

“நல்ல கொழுந்து தொரைக்கு மதினி. முத்தல் முனிக்கு. அவரு என்ன, ஃபேக்டரியா வச்சிருக்காரு?” என்று சொல்லிவிட்டு வினோதா கலகலவென்று சிரித்தாள். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். நாகலெட்சுமிக்கு அந்தச் சிரிப்புத்தான் சுட்டது.

“சிரி. ஆனா பால் குடுக்கப் போறேன்னுட்டு இடுக்கு வழியா எறங்காத. சொல்லிப்புட்டேன்.”

“இடுக்குல என்ன இருக்கு? மேல கட்டு கட்டினதுக்கு அப்புறம் அங்க முழங்கால் தண்ணிகூட இல்ல. அதுல போனா புள்ளக்காம்பராவுக்குக் கால்மணி நேரம் மிச்சம். ஒங்களுக்கு என்ன மதினி, ஒங்களுக்காக அங்க ஒரு ஆளு அழுதுக்கிட்டா கெடக்கு?”

புள்ளக்காம்பரா என்பது வேலை நேரத்தில் கைக்குழந்தைகளை ஷாமிலா வைத்துப் பார்த்துக்கொள்கிற அறை. நாகலெட்சுமிக்குப் பிள்ளை இல்லை. வினோதா அதை நினைத்துச் சொன்னாளோ, நினைக்காமல்தான் சொன்னாளோ. அதன் பிறகு இரண்டு பேரும் நிரைக்கு நிரை தள்ளி நின்றே கொழுந்து எடுத்தார்கள். இரண்டு மணிக்கு வினோதா கூடையை மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கியபோது, எந்த வழியாகப் போகிறாள் என்று நாகலெட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

இப்போது மூன்றாகிறது. சித்திரையில் வருஷம் பிறந்து இரண்டு வாரம். காலையெல்லாம் வெயிலடித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்கிற காலம். மேலே காட்டு முகடு முழுக்கக் கறுத்துக் கிடந்தது. இங்கே ஒரு சொட்டு இல்லை. ஆனால் அங்கே கொட்டுகிறது. அதைப் பார்த்துத்தான் மாயாண்டி கங்காணி விசில் அடித்து, எல்லோரையும் நேரத்தோடே இக்கரைக்கு வரச் சொன்னார்.

“என்ன தங்கச்சி, அங்கயே நின்னுட்ட?” மாயாண்டி பாதி மேட்டில் நின்று கேட்டார். “ஏறி வா. மேல பாத்தியா? கட்டு நெறைஞ்சா கேக்காம வரும்.”

“வினோதா கொழுந்து கெடக்கு அண்ணே.”

“அந்தப் புள்ள எடுக்காது. காலையில நக்கல் பண்ணினத நானும் கேட்டேன்ல.”

“எடுக்காம போனாளா, இல்ல போகவே இல்லையா?”

மாயாண்டி திரும்பி ஆற்றைப் பார்த்தார்.

பெரிய ஆறு ஒன்றும் இல்லை அது. மேலே காட்டுக்குள் இரண்டு ஓடையாக ஊறி, மரப்பெரணிகளுக்கு அடியில் ஒன்றாகி, தேயிலைக்கு நடுவே கல்லும் ஆழமான கசமுமாக இறங்கிப்போகும். நோர்வூட் பக்கத்தில் பெரிய ஆற்றோடு சேரும்வரை அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. ஆறு என்றால் அதுதான். நான்கு வருஷத்துக்கு முன்னால் கரண்ட் எடுப்பதற்காக மேலே குறுக்கே ஒரு கட்டு கட்டினார்கள். பாதித் தண்ணீருக்கு மேல் குழாய்க்குள் போய்விட, கீழே ஆறு எலும்பெடுத்த கல்லாய்க் கிடக்கிறது. முன்பெல்லாம் மழை வந்தால் ஆறு மெல்ல மெல்ல ஏறும். நிறம் மாறி, நுரை கட்டி, ஆளை எச்சரித்துவிட்டுத்தான் வரும். இப்போது மழையைக் கட்டு வாங்கி வைத்துக்கொள்கிறது. நிறைந்து வழிகிற நேரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் அனுப்புகிறது.

நாகலெட்சுமி தண்ணீரோரம் போய்க் குந்தினாள். தண்ணீர் இன்னும் தெளிவாகத்தான் இருந்தது. கல்லில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்கிற சின்ன மீன்கள்தான் ஒன்றையும் காணவில்லை. பக்கத்துப் பாறையில் ஒரு நண்டு ஏறிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பார்க்கப் பார்க்க ஏழெட்டு நண்டு, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு, ஈரமில்லாத இடத்தைத் தேடி ஏறின.

“அண்ணே, நண்டு ஏறுது.”

“அதான் சொல்றேன், நீயும் ஏறு.”

“நிலக்ஷி,” என்று கூப்பிட்டாள் நாகலெட்சுமி. கூட்டத்திலேயே இளையவள் நிலக்ஷி. கையில் போன் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. “நீ ஓடு. கொழுந்து நெறுக்குற கொட்டகைக்கிட்டதான் சிக்னல் இருக்கு. புள்ளக்காம்பராவுக்குப் போன் பண்ணி ஷாமிலாகிட்ட கேளு. வினோதா வந்தாளா, வரலையா. அது மட்டும் கேளு, வேற கத பேசாத.”

“சரிக்கா.” நிலக்ஷி கூடையை அப்படியே இறக்கிவிட்டு ஓடினாள்.

“போயி வர கால்மணி நேரமாகும்,” என்றார் மாயாண்டி.

“தெரியும்.”

“அதுக்குள்ள தண்ணி வந்துரும்.”

“அதுவும் தெரியும் அண்ணே.”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஆற்றின் இரைச்சலுக்கு மேலாகக் கீச்சுக் கீச்சென்று, விடாமல். ஆற்றோட்டத்தோடு கீழே, வளைவுக்கு அப்பால், மானாப்புல்லுக்கு மேலே ஒரு ஆள்காட்டிக் குருவி வட்டமடித்துக்கொண்டிருந்தது. இறங்கும், ஏறும், மறுபடி அதே இடத்தில் இறங்கும்.

“இடுக்குக்கு மேல சுத்துது,” என்றாள் நாகலெட்சுமி.

“பன்னி நிக்கும்,” என்றார் மாயாண்டி. “காட்டுப்பன்னியக் கண்டாலும் கத்தும்.”

“பன்னி நின்னா கத்தும், பன்னி நகந்ததும் வாய மூடும். இது நான் குந்தினதுலேருந்து ஒரே எடத்துல கத்துது. அங்க இருக்கிறது நகரல.”

பேச்சியம்மாவின் முகத்திலிருந்து கேலி போய்விட்டது. “நாகு, ஏதாச்சும் செத்துக்கித்துக் கெடக்கும்டி.”

“செத்ததப் பாத்துக் குருவி கத்தாது.”

சொல்லிக்கொண்டே அவள் எழுந்து நடந்தாள். வளைவைச் சுற்றிப் பாதை கிடையாது. இடுப்பளவு மானாப்புல், அதற்கடியில் வழுக்குப் பாறை. பத்தடி போவதற்குள் புல் கையைக் கிழித்தது. எதிரே புல் அசைந்தது. நாகலெட்சுமி நின்றாள். புல்லை விலக்கிக்கொண்டு ஒரு நீர்நாய் வந்தது, வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு. பின்னால் இன்னொரு குட்டி தத்தித் தத்தி ஓடியது. இத்தனை வருஷத்தில் விடியற்காலையில் தூரத்தில் ஒரு தலையும் மீசையும் கண்டதுதான். பட்டப்பகலில், ஆள் காலுக்கு அரை முழத் தூரத்தில், இவளை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் அது மேட்டை நோக்கிப் போயிற்று.

“கயிறு,” என்று திரும்பிப் பார்த்துச் சொன்னாள். “எல்லாரும் கூடைக் கயித்த அவுத்துடுங்க. ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போடுங்க. கங்காணியண்ணே, ஒங்க வெத்தலப் பையில கத்தி இருக்கா?”

“இருக்கு, எதுக்கு?”

“தெரியல. கொண்டாங்க.”

இடுக்கு என்பது இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவே ஆறு ஒடுங்கிப் போகிற இடம். இரண்டு ஆள் கை நீட்டினால் எட்டுகிற அகலம்தான். அதற்குக் கீழே பத்தாள் உயரத்துக்கு விழுந்து, மறுபடி தேயிலைக்குள் மறைந்துவிடும். நாகலெட்சுமி பாறை விளிம்பில் முழங்காலிட்டு எட்டிப் பார்த்தாள்.

முதலில் இடுப்பில் சுற்றுகிற நீலப் படங்குதான் தெரிந்தது. அப்புறம் தலை.

வினோதா கல்லுக்கு நடுவில் பாதி உட்கார்ந்தபடி இருந்தாள். தண்ணீர் அவள் தொடையைத் தொட்டது. கூடை கவிழ்ந்து, கொழுந்தெல்லாம் ஒரு குழிக்குள் பச்சையாகச் சுழன்றுகொண்டிருந்தது. வாய் திறந்து மூடியது. சத்தம் மட்டும் வரவில்லை. ஆற்றின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கியது.

“வினோதா,” என்று கையைக் குவித்துக் கத்தினாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இந்தத் தடவை முழுத் தொண்டையில் கத்தினாள்.

“கால் மதினி. கல்லு பொரண்டு கால மூடிக்கிச்சு. பூட்ஸோட மாட்டிக்கிச்சு. இழுத்து இழுத்துப் பாத்துட்டேன்.”

“ஒடைஞ்சிருக்கா?”

“தெரியல. வலி இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே தெரியல.”

பின்னால் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். மாயாண்டி எட்டிப் பார்த்து, “ஐயோ முனியாண்டி” என்று தலையில் கை வைத்தார். பேச்சியம்மா ஒன்பது கூடைக் கயிற்றை ஒன்றாக முடிந்து கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் இழுத்து இறுக்கினாள்.

“நான் எறங்குறேன்,” என்றார் மாயாண்டி.

“நீங்க எறங்கினா ஒங்கள இழுக்க லொறி வேணும். நீங்க மேல நின்னு இழுக்கிற ஆளு. நான் எறங்குறேன்.”

கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு, கத்தியைப் பல்லுக்கிடையில் கவ்விக்கொண்டு, நாகலெட்சுமி பாறையைத் தழுவி இறங்கினாள். கால் பாசியில் வழுக்கியது. ஒரு கல், இன்னொரு கல். தண்ணீரில் கால் வைத்ததும் தெரிந்துவிட்டது: கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவள் கடந்த தண்ணீர் இல்லை இது. சில்லென்று இருந்தது. தெளிவு போய், கொதிக்க வைத்த தேயிலைச் சக்கை நிறத்தில் ஓடியது. சருகும் சுள்ளியும் காலைத் தட்டிக்கொண்டு போயின.

“மதினி, தண்ணி ஏறுது. இப்ப இடுப்புக்கு வந்துருச்சு.”

“பேசாத. என் தோளப் பிடி.”

கையை விட்டுத் தடவினாள். பூட்ஸின் மேல்பக்கம் தட்டுப்பட்டது. கணுக்கால் வரை இரண்டு கல்லுக்கு நடுவில் இறுகியிருந்தது. கல்லை அசைக்க முடியவில்லை. ஆறு அதை வைத்த இடத்திலிருந்து ஆறுதான் எடுக்க வேண்டும்.

“பூட்ஸ அறுக்கப் போறேன். கால அசைக்காத.”

“புது பூட்ஸ் மதினி.”

“புதுசா இருந்தா புள்ளைக்குத் தொட்டில் கட்டு. அசைக்காதன்னேன்.”

வினோதா அழுகைக்கு நடுவே ஒரு விக்கல் மாதிரிச் சிரித்தாள்.

கத்தி சின்னது. பாக்கு சீவுகிற கத்தி. ரப்பரோ தடிப்பு. நாகலெட்சுமி பூட்ஸின் பின்பக்கமாக மேலிருந்து கீழே அறுக்கத் தொடங்கினாள். கண்ணால் பார்க்க முடியவில்லை, விரலால்தான் பார்த்தாள். ஒரு அங்குலம் அறுத்தால் தண்ணீர் ஒரு அங்குலம் ஏறியது. கத்தி எதையோ வெட்டியது. அது தன் விரலா, வினோதாவின் காலா என்றே தெரியவில்லை.

மேலேயிருந்து நிலக்ஷியின் குரல் வந்தது. மூச்சு வாங்கியபடி பாறையோரம் ஓடி வந்தவள், கீழே வினோதாவும் இருப்பதைக் கவனிக்காமலே சொன்னாள்: “அக்கா, வினோதாக்கா அங்க வரலியாம். புள்ள அழுதுக்கிட்டு...” சொல்லிக்கொண்டே கீழே பார்த்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

“புள்ள அழுவுதா?” என்று வினோதா கேட்டாள். “எவ்வளவு நேரமா?”

“அழட்டும். அழற புள்ளைக்கு ஆயுசு கெட்டி. கால வளை. குதிகால மேல தூக்கு.”

“முடியல.”

“முடியும். தூக்கு.”

அப்போது குருவி நின்றுவிட்டது. அதுவரை தலைக்கு மேல் கத்திக்கொண்டே இருந்தது சட்டென்று வாயை மூடிக்கொண்டு, மேட்டுப் பக்கமாகப் பறந்துவிட்டது. குருவி போனதும் இன்னொரு சத்தம் கேட்டது. காதால் கேட்கிற சத்தம் இல்லை, காலால் கேட்கிற சத்தம். தண்ணீருக்கடியில், மேலேயிருந்து, கல்லோடு கல் உருண்டு வருகிற சத்தம்.

“நாகு,” என்றாள் பேச்சியம்மா மேலேயிருந்து. பெயரை மட்டும்தான் சொன்னாள். அது போதுமாக இருந்தது.

“கயித்த ஒன் இடுப்புல கட்டுறேன். கால் வந்ததும் ஒன்ன மேல இழுத்துருவாங்க,” என்று சொல்லிக்கொண்டே நாகலெட்சுமி தன் இடுப்பு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

“வேணாம் மதினி, அவுக்காதீங்க. நீங்க போங்க.”

“வாய மூடு.” முடிச்சு தண்ணீரில் நனைந்து இறுகிப்போயிருந்தது. அவிழவில்லை. அவிழாததும் நல்லதாகப் போயிற்று. மிச்சமிருந்த கயிற்றைச் சுற்றி வளைத்து வினோதாவின் கக்கத்துக்கு அடியில் கொடுத்து, தன்னோடு சேர்த்தே கட்டினாள். பிறகு மறுபடி குனிந்து, மோவாய் வரை தண்ணீரில் முங்கி, கத்தியைக் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்தாள். ரப்பர் கிழிந்து இரண்டு பக்கமும் விரிந்தது.

“இப்ப உருவு.”

வினோதா அலறினாள். கால் வந்தது. பூட்ஸ் கல்லிடுக்கிலேயே தங்கிவிட்டது.

“இழுங்க.”

மாயாண்டியும் பெண்களும் இழுத்தார்கள். ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக, மானாப்புல்லில் குதிகாலை ஊன்றி இழுத்தார்கள். முதல் முடிச்சு பாறை விளிம்பில் உரசியது. இரண்டாவது முடிச்சு இளகி ஒரு சாண் நழுவி, மறுபடி பிடித்தது. வினோதா முன்னால், நாகலெட்சுமி பின்னால், இரண்டு பேரும் ஒரே மூட்டையாகப் பாறையில் தேய்ந்துகொண்டே ஏறினார்கள். பேச்சியம்மாவின் கை வினோதாவின் தலைமுடியைப் பிடித்தது. எங்கே கிடைத்ததோ அங்கே பிடித்தாள்.

அவர்கள் புல்லில் விழுந்த பிறகு மூன்று மூச்சு விடுகிற நேரம் இருந்திருக்கும். ஆறு வந்தது. வளைவை முட்டிக்கொண்டு, பழுப்பாய், ஒரு ஆள் உயரத்துக்கு, வேரோடு பிடுங்கிய மரப்பெரணி ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்து இடுக்கில் நுழைந்தது. பாறை அதிர்ந்தது. வினோதா உட்கார்ந்திருந்த இடம், கூடை, கொழுந்து சுழன்ற குழி, எதுவும் இல்லை. கரையிலிருந்தவர்களின் முகத்தில் சாரல் அடித்தது.

மாயாண்டி கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கயிறு தளர்ந்து கிடப்பது அவருக்குத் தெரியவில்லை.

“விடுங்க கங்காணி,” என்றாள் பேச்சியம்மா. “ரெண்டு பேரையும் ஏத்தியாச்சு. இன்னும் யாரையாச்சும் இழுக்கப் போறீங்களா?”

அவர் அப்போதுதான் விட்டார். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

வினோதாவின் கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக்கொண்டு வந்தது. விரலை அசைக்கச் சொன்னார்கள், அசைத்தாள். சாக்கு ஒன்றில் உட்கார வைத்து நாலு பேர் நாலு முனையைப் பிடித்துத் தூக்கினார்கள். முனிக்கல் இருந்த இடத்துக்கு வந்தபோது அங்கே முனிக்கல் இல்லை. அது நின்ற இடத்துக்கு மேலே இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் எறக்குங்க,” என்றாள் வினோதா.

இறக்கினார்கள். அவள் அந்தத் தண்ணீரையே பார்த்தாள். பிறகு, பக்கத்தில் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்த நாகலெட்சுமியைப் பார்த்தாள்.

“என் கொழுந்து போயிருச்சா மதினி?”

“என்னுதும் எடுக்கல. ரெண்டும் போயிருச்சு.”

“நான் ஒண்ணு சொல்லணும்.”

“அப்புறம் சொல்லு.”

“இல்ல, இப்ப சொல்லணும். கால் மாட்டாம நான் நல்லபடியா கரையேறி இருந்தாலும், இந்தப் பக்கம் வந்து அத எடுத்திருக்க மாட்டேன். இடுக்குலேருந்து நேரா மேல ஏறி புள்ளக்காம்பராவுக்குத்தான் போயிருப்பேன். நான் அங்க புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தாலும் இங்க கொழுந்து கெடந்திருக்கும்.”

நாகலெட்சுமி பிழிந்த தலைப்பை உதறினாள். “தெரியும்.”

“தெரியுமா? அப்புறம் எதுக்கு நின்னீங்க?”

“கெடந்துச்சு. நின்னேன்.” வெட்டுப்பட்ட விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, மறுபடி சொன்னாள். “ரெண்டு மணிக்கு நீ எந்தப் பக்கமா எறங்குறேன்னு நான் திரும்பிப் பாத்திருந்தா நிக்க வேண்டி வந்திருக்காது. வேணும்னேதான் பாக்கல.”

வினோதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேட்டிலிருந்து பிள்ளையின் அழுகை கேட்டது. புள்ளக்காம்பரா ஷாமிலா பிள்ளையைத் துவாலையில் சுற்றி, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தாள். இந்தப் பக்கமும் இப்போது மழை தொடங்கியிருந்தது.

“என்னான்னு தெரியல, ஒரு மணி நேரமா தொண்டை கிழியக் கத்துது,” என்று ஷாமிலா தூரத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். கிட்டே வந்து, கோலத்தைப் பார்த்ததும், ஒன்றும் கேட்காமல் பிள்ளையை நீட்டினாள்.

வினோதாவின் விரல்கள் தண்ணீரில் விறைத்துப்போய் மடங்கவில்லை. பிள்ளையை வாங்க முடியவில்லை.

“நான் பிடிச்சுக்கிறேன்,” என்று நாகலெட்சுமி பிள்ளையை வாங்கினாள். வினோதாவுக்கு எதிரே ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன் தலையை அவள் மார்பருகே கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை ஒரு தரம் முகத்தைச் சுளித்து, மோந்து, பிறகு கவ்வியது. அழுகை நின்றது. பேச்சியம்மா குடையை வாங்கி மூன்று பேருக்கும் மேலே பிடித்தாள்.

“சில்லுன்னு இருக்கும் புள்ளைக்கு,” என்றாள் வினோதா.

“குடிக்குதுல்ல. சும்மா இரு.”

ஆறு உறுமிக்கொண்டே போயிற்று. மேட்டுப் பாறையில் இருபது முப்பது நண்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, மழையில் நனைந்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தன. மாயாண்டி அவற்றை மிதித்துவிடாமல் சுற்றிப் போய், ஒரு தேயிலைச் செடியிலிருந்து இரண்டு இலையும் குருத்துமாக ஒரு கொழுந்தைக் கிள்ளினார். முனிக்கல் இருந்த திசையைப் பார்த்துத் தண்ணீரில் போட்டார். பிறகு இன்னொன்று கிள்ளிப் போட்டார்.

“எண்ணிப் போடுங்க கங்காணி,” என்றாள் பேச்சியம்மா. “ரெண்டுதான்.”